மூன்றாம் ஒழுங்கைக்கு நீ எழுதிய வரி

என் அன்பு மச்சாள் சிவானிக்கு,

மூன்று நாளாக மழை விடவில்லை. இன்று காலை ஏழு மணிக்குக் கொன்றையடிக்குளத்தில் இருபத்தொரு அடி தண்ணீர் நின்றது. இப்போது மணி ஒன்பதரை, இருபத்தொன்றே முக்கால். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கணினித் திரையைப் பார்க்கிறேன். எண் மாறினாலும் பயமாக இருக்கிறது, மாறாமல் நின்றாலும் பயமாக இருக்கிறது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை அண்ணா வாசிப்பார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும், எங்களைப் போல மென்பொருள் எழுதிப் பிழைக்கிற வேறு சிலரும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையே உனக்குச் சொல்ல வேண்டி வரும். கோபிக்காதே. உனக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஒரு வருடத்துக்கு மேலாக வாய் வராமல் இருந்தேன்.

நீ என் அண்ணாவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நம் இருவருக்கும் ஒரே வயது. மச்சாள் என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. நீதான் வலியக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதைப் பழக்கினாய். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்து, கூடவே மானிடவியலும் எடுத்து, நல்ல பெறுபேறோடு வந்து, சான்றிதழை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தாய். நான் அப்போது கிளிநொச்சி நகரத்தில் ஐந்து பேர் மட்டும் வேலை செய்கிற ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அக்கராயனுக்கு அப்பால் இருக்கிற கொன்றையடிக்குளம் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வான் பாய முன்னால், கீழே இருக்கிற ஊருக்குக் கைபேசியில் எச்சரிக்கை அனுப்ப ஒரு மென்பொருள் செய்யும்படி ஒரு உதவி நிறுவனம் எங்களிடம் கேட்டிருந்தது. குளக்கட்டில் பூட்டிய கருவி நீர்மட்டத்தை அனுப்பும். எத்தனை அடிக்கு யாருக்கு என்ன செய்தி போக வேண்டும் என்று நான் எழுதுகிற நிரல் தீர்மானிக்கும். ஊராரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அதில் ஏற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது. "சும்மாதானே இருக்கிறாய், இரண்டு மாசத்துக்கு வாவன்" என்று உன்னைக் கேட்டேன்.

முதல் நாளே பட்டியலைத் தூக்கிக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய்.

"நளா, இந்த நம்பர் ஆரிட்ட இருக்கு?"

"வீட்டுக்காரரிட்ட."

"அவர் பகலில எங்க நிப்பார்?"

"எனக்கென்ன தெரியும்? வயலுக்க நிப்பார், இல்லாட்டி வவுனியாவில மேசன் வேலைக்குப் போயிருப்பார்."

"அப்ப மெசேச் வவுனியாவுக்குப் போகும். வீட்டில நிக்கிற மனிசிக்கு ஆர் சொல்லுறது?"

அந்தக் கேள்வி ஏன் எனக்கு வரவில்லை என்று ஒரு சின்ன எரிச்சல் மட்டும் வந்தது. அடுத்த நாள் நீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளிக்கிட்டாய். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "கதைக்கப் போறன்" என்றாய். "எங்களுக்குக் கதை தேவையில்லை மச்சாள், நம்பர்தான் தேவை" என்றேன். "கதைச்சாத்தான் சரியான நம்பர் வரும்" என்று சொல்லித் தலைக்கவசத்தை மாட்டினாய்.

மூன்று கிழமை அப்படியே போனது. ஒரு பின்னேரம் முழங்காலளவு புழுதியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாய்.

"நளா, அந்தச் சனம் மெசேச்சுக்கு வெளிக்கிடாது."

"ஏன், விருப்பமில்லையாமோ?"

"கேட்டால் எல்லாரும் ஓம், உடன வெளிக்கிடுவம் எண்டுதான் சொல்லுவினம். நான் அப்பிடிக் கேக்கேல்லை. போன வெள்ளத்தில என்னென்ன செய்தனீங்கள், முதல் என்ன, பேந்து என்ன எண்டு கேட்டனான். ஒரு வீடு விடாமல் முதல் மாட்டைத்தான் மேட்டுக்குக் கொண்டு போயிருக்கினம். திரும்பி வந்துதான் பிள்ளையளைத் தூக்கினவை. அதுக்கே நாலு மணித்தியாலம் போயிருக்கு. மாடு கட்டையில நிக்குமட்டும் சனம் அசையாது."

அதனால்தான் இருபத்திரண்டு அடியில் ஒரு செய்தி வந்தது. "மாட்டை அவிழ்த்துக் குளக்கட்டுக்குக் கொண்டு போங்கோ." வேறொன்றும் இல்லை. பேரிடர் எச்சரிக்கையில் மாடு வருகிறதே என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடிக்கணக்கும் உனக்குப் பிடிக்கவில்லை. இருபத்து மூன்று அடி என்றால் தன் வீட்டுப் படிக்கு என்ன நடக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றாய். ஒவ்வொரு ஒழுங்கைக்கும், எத்தனை சிறிய சந்தானாலும், தனித்தனி வசனம் எழுதினாய். இவர்களுக்கு "மதவடி ரோட்டைத் தண்ணி மூடப் போகுது", அவர்களுக்கு "பள்ளிக்கூட விளையாட்டுத்திடலுக்குத் தண்ணி வரப் போகுது". எழுத்து வாசிக்கத் தயங்குகிறவர்களுக்கு உன் குரலிலேயே பதிந்து வைத்தாய். ஒரே நிரலுக்குள் நாற்பது விதமான வசனம். எனக்கு அதைத் திறந்து பார்க்கவே தலையிடிக்கும். ஒழுங்கில்லாத வீடு போல இருக்கிறது என்று ஒரு நாள் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நினைவிருக்கிறதா?

அந்த நாற்பதில் ஒன்றுதான் மூன்றாம் ஒழுங்கைக்கு நீ எழுதிய வரி. ஊரில் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வது, மூன்றாம் ஒழுங்கைக்கு ஒரு நாளும் வெள்ளம் வராது என்று. நீயோ மற்ற எல்லாருக்கும் முதல், இருபத்திரண்டரை அடியிலேயே அவர்களை வெளியேறச் சொல்லியிருந்தாய். பக்கத்தில் உனக்கே உரிய சிக்கனத்தில் ஒரு குறிப்பு: "மணல். கேட்காதே, போய்ப் பார்."

அதென்ன மணல் என்று நான் கேட்டேனா, நீயாகச் சொல்ல வந்தாயா, சரியாக நினைவில்லை. அந்த வாரம் நிறுவனத்தாருக்கு வேலையைக் காட்ட வேண்டியிருந்தது. நீ எதையோ தொடங்கினாய், நான் "பேந்து சொல்லு" என்றேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மாரியில் குளம் இருபத்து மூன்று அடியோடு நின்றது. முதலாம் ஒழுங்கையிலும் இரண்டாம் ஒழுங்கையிலும் வாசல்வரை தண்ணீர் வந்தது. உன் செய்திகளின்படி மாடும் சனமும் நேரத்தோடு ஏறிவிட்டன. மூன்றாம் ஒழுங்கைக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சும்மா அலைக்கழித்துப்போட்டீர்கள் என்று அவர்கள் புறுபுறுத்தார்கள்.

வெள்ளம் வடிய, எங்கெங்கே எவ்வளவு உயரம் நின்றது என்று சுவர்களில் படிந்த சேற்றுக் கோட்டை அளக்க நீ நாலு நாள் நடந்தாய். அதே கிழமை நம் வயலிலும் இறங்கினாய். காய்ச்சல் என்றாய், இரண்டு நாள் குளிசை போட்டுக்கொண்டு படுத்தாய், மூன்றாம் நாள் உன் கண் மஞ்சளாக இருந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்; அண்ணா உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

எந்தச் சேற்றில் அது உனக்கு வந்தது? வயலிலா, ஊரிலா? நான் உன்னை அளக்க அனுப்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தடுக்கவும் இல்லையே.

மணி பதினொன்று இருபது. இருபத்திரண்டு அடி. முதல் செய்தி போய்விட்டது. அண்ணா காலையிலேயே உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார். பின்னால் இழுக்கிற பெட்டியைக் கொழுவிக்கொண்டு போங்கோ, ஏலாதவர்களை ஏற்ற உதவும் என்று நான்தான் சொன்னேன். மாடுகள் கட்டுக்கு ஏறத் தொடங்கிவிட்டன என்று இப்போதுதான் அழைத்துச் சொன்னார். நான் திரும்பவும் எழுத வருகிறேன். உனக்குச் சொல்லாத சங்கதிக்கு வந்துவிட்டேன், சிவானி.

நீ போய் ஏழு மாதம் கழித்து நிறுவனத்தார் இன்னும் ஐந்து குளங்களைச் சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள். புளியங்குளப் பக்கம் இரண்டு, ஓமந்தைப் பக்கம் ஒன்று, முல்லைத்தீவில் இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மூன்று நிறம்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். உன் வசனங்களைத் திறக்கிற போதெல்லாம் உன் குரல் கேட்டது. அந்தக் கோப்பைத் திறக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது என்றுகூட நினைத்திருப்பேனோ?

நாற்பது வசனத்தையும் நீக்கினேன். மாட்டுச் செய்தியையும் நீக்கினேன். மூன்றாம் ஒழுங்கை பற்றி ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "அங்க வராது பிள்ளை, எங்களுக்குத் தெரியாமலோ?" என்றார்கள். வெள்ளம் வராத ஒழுங்கை என்று அதை எச்சரிக்கைப் பட்டியலிலிருந்தே எடுத்து, உன் வரியையும் குறிப்பையும் அழித்தேன். விளங்காத ஒன்றைக் கூட்டித் துடைத்த நிம்மதியில் எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

போன மாரியில் குளம் இருபத்து நாலரை அடிக்கு வந்தது. வான்கதவு முழுக்கத் திறந்தார்கள். ஊருக்குச் செம்மஞ்சள் என்று செய்தி போனது, இரண்டு மணித்தியாலத்தில் சிவப்பு என்று போனது. மூன்றாம் ஒழுங்கைக்கு ஒன்றும் போகவில்லை.

காலை எட்டு மணிபோல மூன்றாம் ஒழுங்கைக்குள் தண்ணீர் வந்தது. முன்னாலிருந்து வரவில்லை, பின்வளவால், வீடுகளின் பின்பக்கமாக, காட்டுக்குள்ளிருந்து வந்தது. ரோட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற மதவு, அந்தச் சின்னப் பாலம், முதலே தண்ணீரில் மூடுப்பட்டுவிட்டது. பத்துக் குடும்பம் உள்ளே அகப்பட்டது. கடைசி வளவில் இருக்கிற சந்திரா அக்காவின் தாய் எழும்பி நடக்க மாட்டாதவர். அறைக் கதவைக் கழற்றி, அதன் மேல் அவரைக் கிடத்தி, இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆடுகள் போயின, விதைநெல் போயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாம் போயின. உயிருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை நான் எத்தனை தடவை எனக்குள் சொல்லியிருப்பேன் என்று எண்ண முடியாது.

தண்ணீர் வடிந்த மறுநாள் ஊருக்குப் போனேன். இரண்டாம் ஒழுங்கையில் ஒரு மனிசர் என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, செம்மஞ்சள் எண்டு வந்தது கண்டனாங்கள். மாட்டைப் பற்றி ஒண்டும் வரேல்லை. அப்ப இன்னும் நேரம் கிடக்கு எண்டு இருந்திட்டம்."

நான் வெறும் வசனத்தைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். ஒரு மாரி முழுக்க நீ அவர்களைப் பழக்கியிருந்தாய்: மாட்டுச் செய்தி வந்தால் ஆபத்து தொடங்குகிறது. அந்தச் செய்தி வராதபோது, ஆபத்தில்லை என்று நானே அவர்களுக்குச் சொன்னது போல ஆகிவிட்டது.

சந்திரா அக்கா தன் வீட்டுக் குசினிக்குள், அடுப்படிச் சுவரில் படிந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கழுவி வைத்த ஒரு கதிரையை எடுத்துப் போட்டார்.

"உங்கட மச்சாள் செத்த வீட்டுக்கு வர நினைச்சனான், வாகனம் கிடைக்கேல்லை. நல்ல பிள்ளை அவா. எங்கட கக்கூசுக்குக் குழி வெட்டேக்க வந்து நிண்டவா. மற்றாக்கள் மூக்கைப் பொத்துவினம், அவா ஏணியைப் பிடிச்சு உள்ளுக்கு இறங்கினவா."

"எதுக்கக்கா?"

"மண்ணைப் பாக்க. சுவரைக் கத்தியால சுரண்டிச் சுரண்டிப் பாத்தவா. மேல கறுப்பு மண், அதுக்குக் கீழ ஒரு முழத்துக்கு ஆத்து மணல். அந்த மணலுக்கும் கீழ ஒரு நீலத் தறப்பாள் துண்டு, அடுப்புச் சாம்பலோட. அதைக் கண்டவுடன என்னட்ட ஓடி வந்து கேட்டவா, அக்கா இந்தத் தறப்பாள் எப்ப கட்டினது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"சண்டை நேரம் இடம்பெயர்ந்து வந்தாக்கள் எங்கட வளவுக்க தறப்பாளால கொட்டில் கட்டி இருந்தவை. பேந்து எல்லாரும் சேர்ந்துதான் இஞ்சயிருந்து வெளிக்கிட்டனாங்கள். நாங்கள் திரும்பி வரேக்க வளவு முழுக்கக் காடு. புல்டோசர் வந்துதான் வழிச்சுத் தந்தது. இதைச் சொன்னன். அவா திரும்பிக் குழியைப் பாத்திட்டு, 'அப்ப நீங்கள் இல்லாத நேரம் இஞ்ச ஆறு வந்திருக்கு அக்கா' எண்டு சொன்னவா. எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை. இப்ப விளங்குது."

வீட்டுக்கு வந்து, உன் வரியை அழித்ததையும் சந்திரா அக்கா சொன்ன மணலையும் அண்ணாவிடம் சொன்னேன். அவர் உழவு இயந்திரத்தை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அவளின்ர வரியை ஏன் அழிச்சனி?"

"விளங்கேல்லை அண்ணா."

"விளங்காட்டி கேட்டிருக்கலாமே."

"ஆரிட்டக் கேக்கிறது?"

இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியையும் அலவாங்கையும் எடுத்துச் சைக்கிளில் கட்டினார். "வா, போய்ப் பாப்பம்" என்றார். உன் குறிப்பிலும் 'போய்ப் பார்' என்றுதான் இருந்தது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் ஒழுங்கையில் மூன்று இடத்தில் வெட்டினோம். அண்ணா வெட்ட, நான் சுவரைக் கத்தியால் வழித்தேன். இரண்டு இடத்தில் அந்த மணல் வந்தது, சுத்தமாக, கரகரவென்று, வயல் மண்ணோடு கலக்காமல். மூன்றாவது குழியில் இல்லை. மணல் வந்த இடங்களைச் சேர்த்துக் கோடு போட்டுப் பார்த்தால், காட்டுக்குள்ளிருந்து ஒழுங்கையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற ஒரு பழைய ஓடை தெரிந்தது. சனம் இல்லாத வருடங்களில் ஓடி, பிறகு புல்டோசர் நிரவிவிட்ட ஓடை. ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை. அந்த வெள்ளம் வந்தபோது பார்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் நாட்டில் எத்தனை ஊரின் நினைவில் இப்படி ஓட்டை விழுந்திருக்கும்? அதை நம்பி எத்தனை பேர் நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

அலுவலகத்துக்குப் போய் வேறொரு தோண்டலைத் தொடங்கினேன். எங்கள் தொழிலில் அழித்தது உண்மையில் அழிவதில்லை. ஒவ்வொரு நாள் எழுதியதும் முந்தின நாளில் எழுதியதன் மேல் படிந்து கிடக்கும். நான் அதுவரை மேல் அடுக்கை மட்டும் பார்த்து வாழ்ந்தவள். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். உன் வரி கிடைத்தது. அதற்கும் கீழே உன் முந்தின வரி கிடைத்தது: முதலில் நீயும் மூன்றாம் ஒழுங்கைக்கு, ஊர் சொன்னதை நம்பி எல்லாருக்கும் கடைசியாக, இருபத்து நாலு அடி என்றுதான் எழுதியிருக்கிறாய். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அதை மாற்றியிருக்கிறாய். சந்திரா அக்காவிடம் கேட்டேன். குழி வெட்டியது அந்தச் செவ்வாய்தான். அன்றைக்கு மாலைதான் நீ எதையோ சொல்லத் தொடங்கினாய், நான் பேந்து என்றேன்.

உன் வசனங்களைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டு நிறுவனத்துத் திட்ட அலுவலரிடம் போனேன்; அவர் நல்ல மனிதர். ஆறு குளத்துக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் பிறகு வருகிறவர்கள் பராமரிக்கலாம் என்று அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாதாடி முடியாது என்று தெரிந்து, அவரை ஊருக்குக் கூட்டிப் போனேன். சந்திரா அக்கா தேத்தண்ணீர் கொடுத்தார். செம்மஞ்சள் என்றால் உங்களுக்கு என்ன விளங்கும் என்று அலுவலர் கேட்டார். "கோயில் திருவிழாவுக்குச் சோடிக்கிறது" என்றார் அக்கா. அலுவலர் கதவில்லாமல் கிடந்த அறை வாசலையும் பார்த்தார். திரும்பும் வழியில், நிறம் அலுவலகங்களுக்குப் போகட்டும், சனத்துக்கு உங்கள் மச்சாளின் வசனம் போகட்டும் என்று சொன்னார்.

உன் வசனங்களை அப்படியே திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பயம் வந்தது. நீ பார்த்த ஊர் இப்போதும் அப்படியே இருக்குமா? ஐந்து கிழமை நான் வீடு வீடாக நடந்தேன். எனக்குக் கதைக்கத் தெரியாது, உனக்குத் தெரியுமே. முதல் நாள் கேள்விகளைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். சனம் பள்ளிக்கூடத்தில் போல நிமிர்ந்து இருந்து பதில் சொன்னது. மூன்றாம் நாள் கடதாசியைப் பைக்குள் வைத்துவிட்டு மிளகாய் ஆய உதவினேன். அதற்குப் பிறகுதான் உண்மையான கதை வந்தது. மதவை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். ஒருவர் புதிதாக எழுப்பிய மதில் தண்ணீரைப் பக்கத்து வளவுக்குத் திருப்புகிறது. உன் நாற்பதில் மூன்று வசனம் இப்போது பிழை. அவற்றை நான் மாற்றினேன். உன் எழுத்தில் கை வைக்க என் விரல் கூசியது. ஆனால் நீ எழுதியது என்பதற்காகப் பிழையை வைத்திருந்தால் நீயே என்னைத் திட்டியிருப்பாய் அல்லவா?

மணி ஒன்று பத்து. இருபத்திரண்டரை அடி. மூன்றாம் ஒழுங்கைக்கு உன் செய்தி உன் குரலிலேயே அழைப்பாகப் போகிறது. யார் யார் அழைப்பை எடுத்தார்கள் என்று திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை விழுகிறது. பத்தில் ஒன்பது விழுந்துவிட்டது. சந்திரா அக்காவின் இலக்கம் விழவில்லை. திரும்ப அழைத்தேன். இன்னொரு தடவையும் அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. மதவு மூட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; அந்தக் கணக்கு நான் மாற்றிய மூன்று வசனத்தில் ஒன்று. அண்ணாவை ஒழுங்கைக்குள் போகச் சொல்லியிருக்கிறேன். போகச் சொன்ன பிறகுதான், அவரையும் உள்ளே அனுப்பிவிட்டேனே என்று உறைத்தது. சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம் என்று கத்தினேன். கேட்டாரோ தெரியாது. உனக்கும் அப்படிக் கத்தியிருக்க வேண்டியது.

இப்போது இரண்டு மணி. அண்ணா அழைத்தார்.

"வளவில ஒருத்தரும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கு. மாட்டோடையே கட்டுக்கு ஏறிட்டினமாம். கிழவியையும் கதிரையில இருத்தி முதலே கொண்டு போட்டினமாம்."

"பின்ன ஏன் போனை எடுக்கேல்லை?"

"மழைக்கு நனையும் எண்டு உடுப்பு மூட்டைக்குள்ள வைச்சுக் கட்டிட்டாவாம். நீ எடுத்தது கேட்கேல்லையாம். ஏன் நளா அழுறாய்? எல்லாரும் மேலதானே நிக்கினம்."

அழவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

நாலரை மணி. இருபத்து மூன்றே முக்காலில் நிற்கிறது. மூன்றேகாலுக்கு மதவு மூடுப்பட்டது. நான் போட்ட கணக்கு ஒரு மணித்தியாலம் பிழை. இந்த முறை அதிர்ஷ்டவசமாக நல்ல பக்கத்துப் பிழை. நாலு மணிக்கு மூன்றாம் ஒழுங்கைக்குள் பின்வளவால் தண்ணீர் வந்திருக்கிறது. குளக்கட்டில் நின்று சனம் பார்த்துக்கொண்டு நின்றதாம். ஒழுங்கைக்குள் ஒரு ஆடுகூட இல்லை.

ஒரு குளம்தானே தெரியும் எனக்கு? மற்ற ஐந்து குளத்துக்குக் கீழேயும் மூன்று நிறத்தோடு சனம் இருக்கிறது. அங்கே எந்த ஒழுங்கைக்கு யார் இல்லாத நேரம் ஆறு வந்து போயிற்று என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைய மழை அந்தப் பக்கம் குறைவு, அதுவும் அதிர்ஷ்டம்தான். மழை வெளித்ததும் புளியங்குளப் பக்கத்திலிருந்து தொடங்கப் போகிறேன். அந்த வேலைக்கு நிரல் எழுதுகிற இரண்டு பேரை எடுக்கச் சொன்னார்கள். ஒருவரை எடுத்தேன். மற்ற இடத்துக்குத் தொல்லியல் படித்த ஒரு பிள்ளையை எடுத்திருக்கிறேன். நேர்முகத்தில் நான் அவளைக் கேட்டது ஒரே கேள்வி: ஒருவர் சொல்வதும் அவர் செய்வதும் வேறாக இருந்தால் நீ எதை எழுதிக்கொள்வாய்? அவள் யோசித்துவிட்டு, "இரண்டையும், எங்க நிண்டு கேட்டனான் எண்டதையும்" என்றாள்.

சிவானி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். விளங்காத ஒரு வரியை, அதன் இடத்துக்குப் போய் நிற்காமல் இனி நான் அழிக்க மாட்டேன். அதோடு, நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே ஏன் என்று முழுதாக எழுதுவேன்: யார் சொன்னார், எங்கே பார்த்தேன், எனக்கு எதில் சந்தேகம் என்று. உன்னைப் போலச் சிக்கனமாக எழுத மாட்டேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை. எனக்குப் பிறகு அந்தக் கதிரையில் வந்து இருக்கிறவளுக்கு நம் இருவரையும் தெரிந்திருக்காது. கேட்க ஆளில்லாமல் அவள் தனியே இருந்து வாசிப்பாள். அவளுக்கு எல்லாம் விளங்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து,
பேந்து என்று சொல்லி உன்னைக் கேளாமல் விட்ட,
உன் மச்சாள்
நளாயினி